அப்பா வாசலோடு நின்றுவிட்டார்

வாசகர் கேள்வி:

எனக்கு 63 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வெட்டாற்றங்கரையில் எங்கள் ஊர். நான் படித்த தொடக்கப் பள்ளிக்கு இது நூற்றாண்டு. விழா மலருக்காகப் பள்ளியில் சேர்ந்த நாளைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். இரண்டு பக்கம் எழுதி வீட்டில் படித்துக் காட்டினேன். “எல்லாரும் இதைத்தானே அம்மா எழுதுவார்கள், யார் படிப்பார்கள்?” என்று மகன் கேட்டுவிட்டான். மலருக்கு வந்த வேறொரு கட்டுரையைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. என்னுடையதைப் படித்தால் எனக்கே ஒன்றும் தோன்றவில்லை. என்ன குறை? வீட்டுக் கஷ்டத்தை எழுதினால் இரக்கம் தேடுவதாக நினைப்பார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. கட்டுரையை இணைத்திருக்கிறேன்.

- ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கட்டுரையை மூன்று முறை படித்தேன். முதல் முறை வேகமாகப் படித்துவிட்டேன். இரண்டாம் முறை படிக்கும்போது இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்தியது. மூன்றாம் முறை அந்த வரிக்காகவே படித்தேன். நீங்கள் எழுதியிருப்பது இது:

“ஆற்றில் தண்ணீர் வந்து நாற்றங்கால் வேலை நடந்துகொண்டிருந்ததால் அப்பா வயலிலிருந்து அப்படியே வந்து என்னைப் பள்ளியில் விட்டார். சேற்றுக்காலோடு உள்ளே வர வேண்டாம் என்று வாசலோடு நின்றுவிட்டார்.”

இதற்கு முன்னால் ஒன்றரைப் பக்கம் பள்ளியின் வரலாறு. ஜில்லா போர்டு காலத்தில் தொடங்கியது, கட்டடம் வந்தது, எத்தனை பேர் படித்து உயர்ந்தார்கள் என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. இதற்குப் பின்னால் தலைமை ஆசிரியர்கள் ஏழு பேரின் பெயர்கள், கல்வியின் பெருமை, இன்றைய பிள்ளைகளுக்கு அறிவுரை. நடுவில், அவசரமாகக் கடந்து போகிற மாதிரி, உங்கள் அப்பா. நீங்கள் தேடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது.

உங்கள் மகன் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எல்லாரும் இதைத்தான் எழுதுவார்கள் என்பது உண்மை. உங்கள் தலைமுறையைச் சேர்ந்த எவரைக் கேட்டாலும் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டுக் காட்டியதைச் சொல்வார்கள். தொட்டால் ஒன்றாம் வகுப்பு, எட்டாவிட்டால் அடுத்த வருஷம். சிலேட்டு, பலப்பம், சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை, தண்டவாளத் துண்டில் அடிக்கிற மணி, மஞ்சள் பை. பிறந்த தேதியை வாத்தியாரே போட்டுக்கொண்ட கதையும் ஊருக்கு ஊர் உண்டு. என் சான்றிதழில் நான் மே மாதத்தில் பிறந்திருக்கிறேன். ஐப்பசி அடைமழையில், கூரை ஒழுகிக்கொண்டிருந்த இரவில் பிறந்தேன் என்று அம்மா சொல்வாள். ஜூன் மாதத்தில் ஐந்து வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதற்காக டெல்டாவில் பாதிப் பேரை வாத்தியார்கள் கோடையில் பிறக்க வைத்திருக்கிறார்கள்.

இத்தனையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் படிக்கிறார்கள். பள்ளியில் சேர்ந்த கதையை எங்கள் பத்திரிகையில் எப்போது வெளியிட்டாலும் வருகிற கடிதங்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எழுதியவரைப் பாராட்டி ஒரு வரி இருக்கும். அதற்கு அடுத்த வரியே “என்னையும் என் பாட்டிதான் கொண்டுபோய் விட்டாள்” என்று திரும்பிவிடும். பிறகு கடிதம் முழுக்கப் பாட்டிதான். பாட்டியின் சுருக்குப்பை, வழியில் அவள் வாங்கித் தந்த கமர்கட்டு, வேலி ஓரத்தில் மணி அடிக்கும்வரை அவள் உட்கார்ந்திருந்தது.

காரணம் இதுவென்று நினைக்கிறேன். பெரும்பாலோருக்கு மிகப் பழைய நினைவு மூன்று, நான்கு வயதை ஒட்டியது என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் இருட்டு. ஐந்து வயதில் பள்ளிக்கூடம் போன நாள்தான் பலருக்கும் ஓரளவு உருவத்தோடு மிஞ்சியிருக்கிற முதல் நாள். அதுவும் முழுதாக இருக்காது. ஒரு நிறம், ஒரு வாசனை, யாரோ கையைப் பிடித்திருந்த இறுக்கம். மற்றதெல்லாம் மங்கிப் போயிருக்கும். அடுத்தவர் எழுதியதைப் படிக்கும்போது அந்த மங்கல் கொஞ்சம் விலகுகிறது. கூட்டிப்போய் விட்டவர் அப்பாவோ, அக்காவோ, பக்கத்து வீட்டுக்காரரோ, அவர் கையை விட்ட இடம் சட்டென்று தெரிகிறது. அந்த இடத்தைத்தான் வாசகர் தேடி வருகிறார். நீங்கள் அவருக்குக் காட்ட வேண்டியதும் அதைத்தான்.

உங்கள் கண்ணைக் கலங்க வைத்த அந்தக் கட்டுரையை எடுத்து மறுபடி பாருங்கள். எந்த இடத்தில் கலங்கினீர்கள் என்று விரல் வைத்துப் பாருங்கள். அந்த வரியில் ‘பாசம்’, ‘தியாகம்’ என்ற சொற்கள் இருக்காது என்று நினைக்கிறேன். ஒரு பொருளோ, ஒரு கையோ, யாரோ சொன்ன அரைகுறையான ஒரு வாக்கியமோ இருக்கும்.

இப்போது அப்பாவிடம் வருவோம்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது மரபு. தண்ணீர் கல்லணைக்கு வந்து பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, அதிலிருந்து வெட்டாற்றுக்குத் திரும்பி உங்கள் ஊர் மதகை அடைய மேலும் பல நாட்கள் ஆகும். பள்ளிக்கூடம் திறப்பதும் குறுவைக்கு நாற்றங்கால் தயாராவதும் ஒரே மாதத்தில். தண்ணீர் வந்த வாரத்தில் வயலில் நிற்கிற ஒருவர் அரை மணி நேரம் கரையேறி வருகிறார் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று நம் பக்கத்து வாசகருக்கு விளக்க வேண்டாம். “ஆற்றில் தண்ணீர் வந்த வாரம்” என்று தொடங்குங்கள், போதும். அவருக்கு உடனே மண் வாசனை வந்துவிடும்.

அவர் சொந்த வயலில் நின்றாரா, குத்தகைக்கு எடுத்த வயலிலா, கூலிக்கா என்று நீங்கள் எழுதவில்லை. ஒரே ஒரு சொல்லில் அதை எழுதிவிடுங்கள். அந்தச் சொல்லை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் வாசகர் புரிந்துகொள்வார். முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தாரா, சொல்லாமல் வந்தாரா என்பது கூட அதில் அடங்கியிருக்கிறது.

சேற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசியுங்கள். ஐந்து வயதுக் குழந்தையின் கண் மட்டம் பெரியவரின் இடுப்புக்குக் கீழே. நிமிர்ந்து பார்த்தால்தான் முகம், நேரே பார்த்தால் கால். உங்கள் நினைவில் அப்பாவின் முகம் இல்லாமல் கால் மட்டும் நின்றதற்கு அதுதான் காரணமாக இருக்கும். நம் களிமண் ஈரமாக இருக்கும்போது கறுப்பு, வழியில் வெயில் பட்டதும் வெளுத்துவிடும். முழங்காலுக்குக் கீழே வெடித்துச் செதில் செதிலாக நிற்கும். காலின் முடியைப் பிடித்து இழுக்கும். விரலிடுக்கில் மட்டும் கடைசிவரை ஈரம் இருக்கும். பள்ளி வாசலுக்கு வந்தபோது அப்பாவின் கால் எந்த நிறத்தில் இருந்தது? வாய்க்காலில் கழுவிக்கொண்டு வரலாமே, ஏன் கழுவவில்லை? நேரமில்லையா? எப்படியும் திரும்பிச் சேற்றில்தான் இறங்கப் போகிறோம் என்றா? உங்கள் கையைப் பிடித்திருந்த கையிலும் சேறு இருந்ததா? உங்கள் புதுப் பாவாடையில் ஒட்டியதா? இதற்கெல்லாம் எனக்குப் பதில் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நினைவில் இருப்பதை மட்டும் எழுதுங்கள்.

நினைவில் இல்லாததை இட்டு நிரப்ப வேண்டாம். முதல் நாள் அழுதீர்களா இல்லையா என்பது நினைவில்லையென்றால் “நினைவில்லை” என்றே எழுதலாம். அம்மா பிற்பாடு சொல்லித் தெரிந்துகொண்டதை “அம்மா சொல்வாள்” என்று எழுதுங்கள். எது தானாக நினைவில் நின்றது, எது கேட்டுக் கேட்டு நினைவாக மாறியது என்று நமக்கே பிரித்தறிய முடியாமல் போவது இயல்புதான். ஆனால் அலங்காரத்துக்காகச் சேர்த்தது ஒன்று இருந்தால் அது வாசகருக்கு உறுத்தும். எங்கே என்று அவரால் சொல்ல முடியாது, ஆனாலும் நம்பிக்கை போய்விடும்.

அப்பா ஏன் வாசலோடு நின்றார்? சேறு என்று எழுதியிருக்கிறீர்கள். அது மட்டும்தானா என்று எனக்குத் தெரியவில்லை, அம்மா. அவர் பள்ளிக்கூடத்துப் படியை அதுவரை மிதித்ததே இல்லையோ? சில படிகளில் ஏறக்கூடாது என்று சிறு வயதிலிருந்தே பழக்கப்பட்டவரோ? வாத்தியாரிடம் என்ன பேசுவது என்று கூச்சப்பட்டாரோ? இந்தக் காவிரிக் கரையில் வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு அந்தக் காரணம் வேறுபடும். ஐந்து வயதில் உங்களுக்கு அது தெரிந்திருக்காது. கதையிலும் தெரியாததாகவே இருக்கட்டும். பின்னாளில் தெரியவந்திருந்தால், எப்போது, எப்படித் தெரிந்தது என்று ஒரு வாக்கியம் போதும். குழந்தையின் வாயில் 63 வயதுக்காரியின் விளக்கத்தை வைத்தீர்களானால் அந்த வாசலில் நிற்கிற சிறுமி மறைந்துவிடுவாள்.

உங்கள் தயக்கத்துக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. “வறுமையில் வாடினோம்”, “எங்கள் அவல நிலை” என்றெல்லாம் நீங்களே பெயர் சூட்டினால்தான் படிக்கிறவர் இரக்கப்படுவார். சேற்றுக் கால்களைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்தீர்களானால் அந்த மனிதர்மேல் மரியாதைதான் வரும். மகளைப் பள்ளியில் சேர்க்க நாற்றங்காலை விட்டு வந்தவர் அவர். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. மலரைப் படிக்கப் போகிறவர்களில் அந்தக் காலத்து மிராசுதார் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களும் இதைப் படிக்க வேண்டும்.

அவர்கள் எழுதப் போவது வேறு விதமாக இருக்கும். விஜயதசமி அன்று பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போனது, தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பித் தாத்தா விரலைப் பிடித்து எழுத வைத்தது. அதுவும் உண்மையான நினைவுதான், அழகான நினைவும்கூட. இன்றும் அந்தக் கோயிலில் அன்றைக்குக் கூட்டம் தாங்காது. உங்கள் கட்டுரை அந்தக் கட்டுரைக்குப் பக்கத்திலேயே அச்சாகட்டும் என்று விரும்புகிறேன். ஒரு குழந்தை விரலால் எழுதிய நெல்லும், இன்னொரு குழந்தையின் அப்பா நாற்றுவிட்ட நெல்லும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கும். மலர்க் குழுவினருக்கு நீங்கள் இதைச் சொல்லியும் பார்க்கலாம்.

எது முக்கியம் என்று தெரியாமல் நானும் ஒரு முறை தவறு செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒருவர் இதே போல எழுதி அனுப்பியிருந்தார். அவருடைய அம்மா உப்பளத்தில் வேலை செய்தவர். பள்ளிக்கு நடந்து போகும்போது அம்மாவின் உள்ளங்கை வெடிப்புகள் தன் கையில் சொரசொரவென்று உரசின என்று இரண்டு வரி எழுதியிருந்தார். பக்கத்தில் இடம் போதவில்லை. அந்த இரண்டு வரியை எடுத்துவிட்டு, அவர் படித்துப் பொறியாளரான பகுதியை வைத்துக்கொண்டேன். அதுதான் எல்லாருக்கும் ஊக்கமளிக்கும் என்று நம்பினேன். கட்டுரை வெளிவந்தது. ஒரு கடிதம்கூட வரவில்லை. பிறகொரு நாள் அவரைச் சந்தித்தபோது கோபமே இல்லாமல், “அம்மாவின் கைக்காகத்தான் சார் எழுதினேன்” என்றார். அன்றிலிருந்து எந்தக் கட்டுரை வந்தாலும் முதலில் கையையும் காலையும் தேடுகிறேன். உங்களுடையதிலும் அப்படித்தான் அந்த வரியைக் கண்டுபிடித்தேன்.

இன்னோர் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். “எங்கள் வகுப்பு அப்போது கீற்றுக் கொட்டகையில் நடந்தது, மழையில் ஒழுகும், அது ஒரு பொற்காலம்” என்று எழுதியிருக்கிறீர்கள். கொட்டகை இருக்கட்டும், ஒழுகலும் இருக்கட்டும். ‘பொற்காலம்’ வேண்டாம். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. நம் பக்கத்தில் ‘பள்ளிக்கூடம்’, ‘கீற்று’ என்ற இரண்டு சொற்களும் ஒரே வரியில் வந்தால் படிக்கிறவர் ஒரு கணம் நின்றுவிடுவார். அன்று காலையிலும் ஒவ்வொரு குழந்தையையும் யாரோ வாசல்வரை கூட்டிப்போய்க் கையை விட்டிருப்பார்கள். உங்கள் மலர் அந்த வீடுகளில் ஒன்றுக்குக்கூடப் போகலாம். கொட்டகையில் படித்தோம் என்ற செய்தியைச் செய்தியாக மட்டும் எழுதுங்கள். அந்தக் காலத்தின் எல்லாவற்றையும் இனிமை என்று எழுதிவிடுகிற பழக்கம் பள்ளி மலர்களில் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதல் ஒன்றரைப் பக்கத்தை அப்படியே தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். பள்ளி வரலாறு என்று தனிக் கட்டுரைக்கு அது பயன்படும், உழைத்துத் திரட்டியிருக்கிறீர்கள். ஏழு தலைமை ஆசிரியர்களின் பட்டியலும் அங்கே போகட்டும். கடைசி அறிவுரையை எடுத்துவிடுங்கள். 400 சொற்களுக்குள் முடித்துக்கொள்ளுங்கள். எழுதியதும் வாய்விட்டுப் படியுங்கள். மேடையில் பேசுகிற குரல் எந்த வரியில் வருகிறதோ அந்த வரியை அடியுங்கள்.

60 ஆண்டு பழைய நினைவு இப்போது எழுதினால் உயிரோடு வருமா என்று ஐயம் வேண்டாம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவரும் 1855-இல் பிறந்தவருமான உ.வே.சாமிநாதையர் தம் வாழ்க்கைக் கதையை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியது 1940-இல், தம் 84-ஆம் வயதில். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதியதையும் ஏட்டில் எழுதியதையும் வாத்தியாரின் தண்டனைகளையும் அவர் சொல்கிறபோது, திண்ணைப் பள்ளிக்கூடத்தைக் கண்ணால் பார்த்திராத நமக்கும் நம் ஒன்றாம் வகுப்பு வாத்தியார் நினைவுக்கு வருகிறார்.

அப்படியானால் இன்றைய பிள்ளைகள்? உங்கள் மகன் கேட்டதில் அந்தக் கவலையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். சிலேட்டைப் பார்த்திராதவர்கள் படிப்பார்களா என்று. நீங்கள் மதியத்தில் கோதுமை உப்புமா சாப்பிட்டதை எழுதியிருக்கிறீர்கள். அலுமினியத் தட்டு, சூடு, வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற பையனின் முதுகு. 2023 ஆகஸ்ட் 25-இல் நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளைப் பள்ளியில் காலை உணவுத் திட்டத்தின் விரிவாக்கத்தைத் தொடங்கினார்கள். காலையில் கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போகிற பிள்ளை, இன்னும் நாற்பது ஆண்டு கழித்துத் தன் முதல் நாளை எழுதினால் அந்த ஆவியும் தட்டும்தான் முதலில் வரும். அதற்கு உங்கள் உப்புமா புரியாமல் போகாது.

உங்கள் மகனிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவனை முதல் நாள் பள்ளியில் விட்டது யார், எந்த இடத்தில் கையை விட்டார் என்று. நீங்கள்தான் விட்டிருப்பீர்கள் என்றால், அவன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். உங்களுக்கு நினைவிருப்பதும் அவனுக்கு நினைவிருப்பதும் ஒத்துப்போகாது. அதற்குப் பிறகு உங்கள் புதிய கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள்.

பள்ளிக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். நூற்றாண்டு வேலைக்காகப் பழைய பதிவேடுகளை வெளியே எடுத்திருப்பார்கள். சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். தேதி, எண், வாத்தியார் உங்களுக்குப் போட்டுக்கொடுத்த பிறந்த நாள் எல்லாம் அவர் கையெழுத்திலேயே இருக்கும். பிறகு வாசலுக்கு வந்து அப்பா நின்ற இடத்தில் சற்று நில்லுங்கள். அங்கிருந்து பார்த்தால் வகுப்பறைக்குள் எவ்வளவு தெரிகிறது? நீங்கள் உட்கார்ந்த இடம் அவருக்குத் தெரிந்திருக்குமா? நீங்கள் உள்ளே போனதும் திரும்பிவிட்டாரா, கொஞ்ச நேரம் நின்றாரா?

எழுதியதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். அதில் அப்பாவின் பெயரை மறக்காமல் எழுதுங்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களில் ஏழு தலைமை ஆசிரியர்களின் பெயர்கள் இருக்கின்றன, அவர் பெயர் இல்லை.

அன்புடன்,
பத்திரிகை ஆசிரியர்